மறுகாலில் வந்து நின்ற பாதை: ஒரு குளத்தங்கரை நடைபாதையின் அனுமதிக் கதை

சேரன்மகாதேவிக்கும் கோபாலசமுத்திரத்துக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நிறையும் குளம் எங்களுடையது. ஊர்ப் பெயர் இங்கே முக்கியமில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் எந்த ஊருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

2022-ல் ஊர்க் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பஸ் நிறுத்தத்தில் இருந்து பள்ளிக்கூடம் வரை, மெயின் ரோட்டைத் தொடாமல் ஒரு நடைபாதை. கால்வாய்க் கரையில் 700 மீட்டர், குளத்துக் கரையில் 1,100 மீட்டர், அப்புறம் வயல் நடுவே 500 மீட்டர், மொத்தம் 2.3 கிலோமீட்டர். காலையில் நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிற பிள்ளைகளும் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போவதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் மனசு பதறிக்கொண்டிருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப் பங்கைக் கட்டிவிட்டு மீதியை அரசிடம் கேட்பதென்று முடிவானது. பாளையங்கோட்டையில் எஸ்டிமேட் போடுவது என் தொழில். அதனால் வரைபடமும் காகிதங்களும் என் தலையில் வந்தன. சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

பாதை திறக்க மூன்று வருடம் ஆனது. அதில் 180 மீட்டர் இன்னும் பாக்கி. எங்கே தாமதமானது, எங்கே நான் தப்புப் பண்ணினேன், எந்த நிபந்தனை எதற்காக வந்தது என்று அடுத்த ஊர்க்காரர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வரைபடம்

குளத்துக் கரையின் தலைப்பு, அதாவது கரையின் மேல்பரப்பு, 3 மீட்டர் அகலம். டிராக்டர் போக அது வேண்டும், கரையில் மராமத்து வந்தால் மண் வண்டி போகவும் வேண்டும். ஆகவே நடைபாதைக்குத் தனியாக 1.5 மீட்டர் தேவை என்று கணக்குப் போட்டேன். கரையின் வெளிச்சரிவு முழுக்கப் பட்டா வயலில் போய் இறங்குகிறது. தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம் புறம்போக்கு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கமே மண் கொட்டி அகலப்படுத்தி, மேலே பேவர் பிளாக், ஓரத்தில் கம்பி வேலி, 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்று வரைந்தேன். குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழிதான் மறுகால்; அந்த ஓடையைத் தாண்ட 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டு, அதன்மேல் கான்கிரீட். பார்க்க அழகாக இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

எங்கள் ஊரில் மடை திறந்து அடைக்கிற பெரியவர் மட்டும் கை தட்டவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்சரிவில் இறங்கி, தண்ணீர் விளிம்பில் இருந்து ஒன்றரை மீட்டரைக் காலால் அளந்து காட்டினார். "ஏல தம்பி, கரைய இம்புட்டு உள்ள தள்ளுனா, இங்கன கெடக்க தண்ணி எங்கன போயிக் கெடக்கும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1.5 மீட்டர் அகலம், 1,100 மீட்டர் நீளம், குளம் நிறைந்திருக்கையில் கரையோரம் சராசரி 2 மீட்டர் உயரம். மொத்தம் 3,300 கன மீட்டர், அதாவது 33 லட்சம் லிட்டர். நெல் வயலுக்கு ஒரு தண்ணி, அதாவது ஒரு தடவை பாய்ச்சுவது, 5 சென்டிமீட்டர் என்று வைத்தால், 16 ஏக்கருக்கு ஒரு தண்ணி. பிசானப் பருவத்தின் கடைசியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அந்த ஒரு தண்ணிக்காக மடையில் நின்று அண்ணன் தம்பி பேச்சு முறிந்ததைப் பார்த்தவன் நான். அந்தத் தண்ணீரைத்தான் பேவர் பிளாக் போடுவதற்காக வரைபடத்திலேயே எடுத்துவிட்டிருந்தேன்.

எந்தச் சட்டம் பேசுகிறது, எது பேசவில்லை

முதலில் நான் தேடியது சுற்றுச்சூழல் அனுமதி. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நெடுஞ்சாலை உண்டு, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானம் உண்டு; நடைபாதை கிடையாது. சரி, ஈரநில விதிகளைப் பார்ப்போம் என்று 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளை எடுத்தேன். கடந்த பத்து வருடத்து உச்ச வெள்ள மட்டத்தின் சராசரியில் இருந்து 50 மீட்டருக்குள் படகுத் துறையைத் தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்கிறது அதன் 4-ஆம் விதி. படித்ததும் திக்கென்றது. ஆனால் ஈரநிலம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே ஆற்றுப் பாதை, நெல் வயல், குடிநீருக்கென வெட்டியது, பாசனத்துக்கென வெட்டியது எல்லாவற்றையும் விலக்கிவைத்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் அதை விலக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? இங்கே ஆறு, அணைக்கட்டு, கால்வாய், குளம், வயல் எல்லாம் ஒரே தண்ணீர். நாரை வந்து இறங்கும்போது இது பாசனக் குளமா, இயற்கை ஏரியா என்று பார்ப்பதில்லை. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளமும் பாசனத் தண்ணீரில் நிறையும் குளம்தான். 1994-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது, ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு 2022-ல் வந்தது. அங்கே பாதை போடுவதென்றால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு கல் நகராது. எங்கள் குளத்துக்கு அந்த மாதிரி பெயரோ பலகையோ கிடையாது. அப்படியானால் இதற்குக் காவல் யார் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது.

நண்பர் ஒருவர், "அதான் விதியே விலக்கு கொடுத்திருக்கே, வேலையை ஆரம்பிச்சுருவோம்" என்றார். அது ஆபத்தான யோசனை. விதியில் விலக்கு இருக்கிறது என்பதால் அனுமதியே வேண்டாம் என்று ஆகிவிடாது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்த, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கு, முந்தைய 2010-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் 4-ஆம் விதியில் உள்ள பாதுகாப்புக் கொள்கைகள் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் உத்தரவிட்டிருக்கிறது. அதற்கும் மேலாக, நம் மாநிலத்துக்கென்று தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007 இருக்கிறது. குளத்தை அளந்து எல்லை குறித்து, அதற்குள் வந்ததை அகற்றச் சொல்லும் சட்டம். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று மண் கொட்டினாலும் எல்லைக்குள் கொட்டினால் அதுவும் ஆக்கிரமிப்புத்தான்.

ஆகவே எங்கள் விஷயத்தில் எல்லாச் சாவியும் தடையின்மைச் சான்றில் இருந்தது. அதை யார் தருவது என்பது குளத்தின் ஆயக்கட்டை, அதாவது அது பாயும் நிலப்பரப்பைப் பொறுத்தது. 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்களுக்கு 55 ஹெக்டேர். கால்வாயும் நீர்வளத்துறையுடையதுதான். வனநிலம் எங்கும் தொடவில்லை, அதனால் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வேலையில்லை.

இந்த நேரத்தில் அமெரிக்காவில் சிவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனிடம் போனில் பேசினேன். அங்கே 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 404 என்று ஒரு பிரிவு. ஓடையிலோ சதுப்பிலோ மண் நிரப்ப வேண்டுமென்றால் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும். பூங்காப் பாதை என்றாலும் விலக்கு கிடையாது. அவன் சொன்னதில் எனக்கு உதவியது அந்த வரிசைதான்: முதலில் தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டு விலகிப் போக முடியுமா என்று பார், முடியாவிட்டால் சேதத்தைக் குறை, அதற்கும் வழியில்லாவிட்டால் மட்டும் ஈடு செய். நம்மூர்ப் படிவத்தில் இந்த வரிசையைக் கேட்கும் கட்டம் கிடையாது. நானாகவே வரைபடத்தை அந்த வரிசையில் போட்டுப் பார்த்தேன். முதல் அடியிலேயே உள்வாய் மண் அடிபட்டுப் போனது. கரைத் தலைப்பின் 3 மீட்டருக்குள்ளேயே, வெளியோரத்தில் 1.2 மீட்டரை நடைக்கு விட்டு, டிராக்டர் வரும்போது ஒதுங்க அங்கங்கே கொஞ்சம் அகலம் வைத்தேன். பேவர் பிளாக் போய்ச் சரள் மண் வந்தது. செலவும் பாதிக்கு மேல் குறைந்தது.

மறுகால்

குழாய் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். உதவிப் பொறியாளர் ஃபைலைப் பார்த்ததும், "மறுகால் நீளம் எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 12 மீட்டர் என்றேன். "எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி போகும்?" 60 சென்டிமீட்டர் என்றேன். "அப்ப நீங்களே கணக்குப் போட்டுட்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போட்டேன். 12 மீட்டர் மறுகாலில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் விழுந்தால் விநாடிக்குச் சுமார் 335 கனஅடி. இரண்டு 600 மில்லிமீட்டர் குழாய் முழுதாக ஓடினாலும், விநாடிக்கு 2 மீட்டர் வேகம் வைத்தால் 40 கனஅடிதான் போகும். எட்டில் ஒரு பங்கு. மீதித் தண்ணீர் பாதைக்குப் பின்னால் தேங்கும், மறுகாலுக்கு மேலே மட்டம் ஏறும், அப்புறம் கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைக்கும். மறுகால் என்பது குளத்தின் மூச்சுக்குழல். அதை நான் இரண்டு குழாயில் அடைக்கப் பார்த்தேன்.

கணக்குப் போட்டும் மனசு முழுதாக ஒப்பவில்லை. வருடத்தில் பாதி நாள் மறுகால் காய்ந்து கிடக்கிறதே, இன்னும் நாலு குழாய் சேர்த்தால் போதாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 2023 டிசம்பர் வந்தது. 17-ஆம் தேதியும் 18-ஆம் தேதியும் பெய்த மழையைத் தெற்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் குளத்தில் அந்த இரண்டு நாளும் ஆட்கள் முறைவைத்துக் கரையில் நின்றார்கள். மணல் மூட்டை, தென்னை மட்டை, கிடைத்ததெல்லாம் கரைக்குப் போனது. நான் மறுகால் பக்கம் நின்றிருந்தேன். உள்வாயில் இருந்து ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக மிதந்து வந்தது. அங்கே ஏற்கெனவே யாரோ மாடு போகாமல் இருக்க நட்டிருந்த நாலு இரும்புக் குழாயில் அது சிக்கி, அரை மணி நேரத்தில் ஒரு சுவர் மாதிரி நின்றுவிட்டது. தண்ணீர் அந்தச் சுவருக்குப் பின்னால் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பேர் இறங்கி, அரிவாளால் கோதி, கடைசியில் குழாயையே பிடுங்கிப் போட்டார்கள். அப்போதுதான் கரையில் நின்றவர்களுக்கு மூச்சு வந்தது.

என் வரைபடத்தில் அதே இடத்தில் 12 மீட்டருக்குக் கம்பி வேலி இருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு பெரியவரும் நானும் லெவல் கருவியோடு போனோம். கரையோரச் சுடலைமாடன் பீடத்தின் படிகளில் வண்டல் கறை தெளிவாக இருந்தது. 2023-ல் மூன்றாம் படி. 1992 நவம்பர் வெள்ளத்தில் இரண்டாம் படிவரை வந்ததென்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு மட்டத்தையும் வரைபடத்தில் சிவப்புக் கோடாக ஏற்றினேன். அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் எதுவும் தண்ணீரோடு போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி, அல்லது தண்ணீருக்குத் தடையில்லாத மாதிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குமுன் எந்த விண்ணப்பத்திலும் அந்தக் கோடு இல்லை. கோடு ஏறிய பிறகு பொறியாளர்களோடு பேச்சு சுலபமாகிவிட்டது.

கடைசியில் மறுகாலில் அமைந்தது தரைப்பாலம். ஓடைத் தரையோடு தரையாக 2 மீட்டர் அகலக் கான்கிரீட், இரண்டு பக்கமும் சைக்கிள் இறங்கி ஏறுகிற மாதிரி சாய்வு, ஓரத்தில் மட்டக்கல், கம்பி கிடையாது, கைப்பிடி கிடையாது. மறுகால் ஓடும் நாளில் இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுப் பாதையை அடைத்துவிட வேண்டும். தடையின்மைச் சான்றின் முதல் நிபந்தனையே அதுதான். மற்ற நிபந்தனைகள்: உள்சரிவில் மண்வெட்டி படக்கூடாது, நிலத்தின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் வராது, கரை வேலைக்காகத் துறை பாதையைத் தோண்டினால் நஷ்டஈடு கேட்கக்கூடாது, சரள் மண்ணைக் குளத்தில் இருந்து எடுக்கக்கூடாது, மண் கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டோடு வெளியில் இருந்து கொண்டுவர வேண்டும். ஊரில் சிலருக்கு இது கடுமையாகப் பட்டது. எனக்கு ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றியது.

கோரை

கால்வாய்க் கரையின் அடியில், பஸ் நிறுத்தத்தில் இருந்து 500 மீட்டர் தள்ளி, ஒரு கசிவு உண்டு. கரை வழியாக ஊறி வரும் தண்ணீர் 40 மீட்டர் நீளத்துக்குத் தரையை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். ஆவணத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு, அவ்வளவுதான். நான் அதை மேடாக்கிப் பாதையை அதன்மேல் இறக்கியிருந்தேன். கரைக்கு மேல் அந்த இடத்தில் ஒரு வளைவு வரும், அதைத் தவிர்க்கலாமே என்று.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் நடந்த கிராம சபையில் நான் வரைபடத்தை விரித்தபோது, பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். பாய் நெய்யும் பத்தமடைக்குக் கோரைப் புல் அறுத்துக் கொடுப்பவர். "தம்பி, அந்தப் பள்ளத்தில மண்ணைப் போட்டா நாங்க எங்கன போயி அறுக்க?" என்றார். மேடையில் இருந்தவர்கள் புறம்போக்கில் உரிமை இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார்கள். அவர் விடவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு தண்டை அடியோடு அறுத்துக் கையில் கொடுத்தார். வெட்டுவாயைப் பார்த்தேன், சுத்தமான முக்கோணம். கட்டைவிரல் நகத்தை நுனியில் குத்தி ஒரே இழுப்பில் பிளந்தார். உள்ளே வெள்ளையாகச் சோறு. அந்தச் சோற்றைச் சுரண்டிவிட்டு, தோலை இன்னும் மெல்லிசாகக் கிழித்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்துத்தான் பட்டுப்பாய் ஆகிறது. "இதுக்குக் காலடியில எப்பவும் ஈரம் நிக்கணும், தலைக்கு மேல நிக்கக் கூடாது. அப்பத்தான் தண்டு நேரா வரும்" என்றார். நான் போட நினைத்த மண் அந்த ஈரத்தை அமுக்கிக் கசிவையே அடைத்திருக்கும். கசிவு அடைபட்டால் தண்ணீர் கரைக்குள்ளேயே தேங்கும். அது கால்வாய்க் கரைக்கும் நல்லதில்லை.

எந்தச் சட்டத்திலும் பெயரில்லாத இந்த 40 மீட்டர்தான், என் கணக்கில், 2.3 கிலோமீட்டரிலும் அசல் ஈரநிலம். பாதை வளைவோடு கரைமேலேயே போகட்டும் என்று மாற்றினேன். அந்த இடத்தில் அது குறுகல்தான், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டும். நிற்கட்டும்.

மரமும் பறவையும்

கரையில் பாதைக்குக் குறுக்கே மூன்று பனை நின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். விண்ணப்பமே போடவில்லை. பாதை பனையைச் சுற்றிப் போகிறது. பனை வேர் கரையைப் பிடித்து நிற்பது, அதை வெட்டுவது கரைக்கு நாமே குழி பறிப்பது.

குளத்தின் கிழக்கே உள்வாயில் நாட்டுக்கருவேல் கூட்டம் ஒன்று உண்டு. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கொக்கும் கூடு வைக்கும். திருப்புடைமருதூரில் மருத மரங்களில் அடையும் பறவைகளுக்காக ஊராரும் சேர்ந்து நின்று, 2005-ல் அந்த இடம் காப்பகமாகவே அறிவிக்கப்பட்டது. அந்த ஊர் எங்களுக்குத் தூரமில்லை. எங்கள் குளத்தை யாரும் அறிவிக்கவில்லை என்றாலும் மரியாதை ஒன்றுதானே. கிழக்கே 400 மீட்டருக்கு விளக்குக் கம்பம் வேண்டாம் என்று ஊர்க் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். இருட்டில் நடக்கிறவர்கள் டார்ச் கொண்டுபோகட்டும்.

வேலைக்கான காலம்தான் பெரிய தலைவலி. பிசானம் அறுத்து, மார்ச் முடிந்து கால்வாய் அடைத்த பிறகுதான் கரையில் வண்டி ஏற முடியும். ஜூனில் கார்ப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்தால் இறங்கிவிட வேண்டும். நடுவில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் கூட்டில் குஞ்சு இருக்கிற காலம். அதனால் மேற்கில் இருந்து ஆரம்பித்து, கிழக்குப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்தோம். குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே வண்டி விடாமல், கடைசிப் பகுதியை ஆட்களை வைத்துக் கூடை மண்ணாகவே போட்டோம்.

ஐந்து மாதம் ஒரு மேசையில்

வரைபடம் சரியான பிறகும் ஃபைல் ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதம் அசையாமல் கிடந்தது. போய்க் கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் சரிசெய்திருப்போம். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் எங்கள் குளத்தின் புல எண் இரண்டு உட்பிரிவாக இருந்தது, நில அளவை வரைபடமான புலப்படத்தில் ஒன்றாகவே இருந்தது. எது குளம், எது வண்டிப்பாதை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, அதனால் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், உதவிப் பொறியாளர், ஊராட்சிச் செயலர் நாலு பேரையும் ஒரே நாளில் கரைக்கு வரவழைத்துச் சங்கிலி பிடித்து அளந்த பிறகு, பத்து நாளில் எல்லாம் முடிந்தது. பாதை போட நினைக்கும் ஊர்க்காரர்கள் எஸ்டிமேட்டுக்கு முன்பே இந்தக் கூட்டுத் தணிக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அ-பதிவேட்டு நகல், புலப்படம், வெள்ளக் கோடு இந்த மூன்றும் கையில் இல்லாமல் வரைபடம் போட உட்காராதீர்கள்.

இப்போது

பாதை திறந்த முதல் பிசானத்தில் மறுகால் ஒன்பது நாள் ஓடியது. முதல் நாள் சங்கிலி போட்டது மடை பார்க்கிற பெரியவர்தான். பிள்ளைகள் இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு தண்ணீர் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் மெயின் ரோடு வழியாகச் சுற்றிப் போனார்கள். பத்தாம் நாள் தண்ணீர் நின்றதும் தரைப்பாலத்தில் விரற்கடை உயரத்துக்கு வண்டல் கிடந்தது. இரண்டு பேர் மம்பட்டியோடு வந்து அரை மணி நேரத்தில் வழித்து எடுத்துவிட்டார்கள்.

வயல் நடுவே வரும் கடைசி 500 மீட்டரில் 180 மீட்டர் இரண்டு குடும்பத்தின் பட்டாவில் போகிறது. ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவர், பாதை மேடானால் தன் வயலில் இருந்து வடிகிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறார். சரியான கேள்வி. வடிகாலுக்கு இரண்டு இடத்தில் திறப்பு வைத்துப் புதிதாக ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கார் அறுவடை முடிந்ததும் வயலிலேயே நின்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்த 180 மீட்டர் வரப்புத்தான். பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.